காரணம் எதுவாக இருந்தாலும்

காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் புடவை எடுக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அவர்களுக்கு விரித்துக் காட்டி, மடித்து வைத்து, மறுபடியும் விரித்துக் காட்டுவதுதான் பட்டுக்கடையில் என் வேலை. ஆந்திராக்காரர்கள் வந்தால், இதைப் பாருங்கள் என்பதை "இதி சூடண்டி" என்று சொல்லும் அளவுக்குத் தெலுங்கும் வந்துவிட்டது. பெண்ணின் அம்மா ஒரு கலர் சொல்வாள், மாப்பிள்ளையின் அக்கா வேறு கலர் சொல்வாள், கல்யாணப் பெண் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். இப்படி ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் முகூர்த்தப் புடவை எடுத்துக் கொடுத்தவளுக்கு, தன் கல்யாணத்துக்கு ஒரு மண்டபம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. முன்பணம் கட்டி, ரசீது வாங்கி, பத்திரிகையில் மண்டபத்தின் பேரையும் அச்சடித்த பிறகுதான் இல்லை என்றார்கள்.

மண்டபம் என் ஆசை அல்ல, அப்பாவின் ஆசை. அப்பா அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். எங்கள் தெருவை ஊரில் காலனி என்பார்கள். அந்த ஒரு சொல்லிலேயே எங்கள் சாதி எல்லாருக்கும் விளங்கிவிடும் என்பதால் அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை. எங்கள் சொந்தத்தில் அதுவரை எல்லாக் கல்யாணங்களும் தெருவை அடைத்துப் பந்தல் போட்டுத்தான் நடந்தன. அப்பா பஸ் ஓட்டிய வழியில், சின்ன காஞ்சிபுரம் பக்கத்தில், ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தால் அங்கே மட்டும் வண்டியை மெதுவாக ஓட்டுவாராம். "என் பொண்ணுக்கு இங்கதான்" என்று கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இதைக் கண்டக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மாப்பிள்ளை திருமுக்கூடல் பக்கம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. தேதி குறித்த அன்றே அப்பா மண்டபத்துக்குப் போய்விட்டார். நானும் கூடப் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்து, தேதி காலி என்றார். பேரும் செல் நம்பரும் கேட்டார். "லோக்கல்தானே சார்?" என்றார். அப்பா ஆமாம் என்றார். ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன. இலை எங்கே போடக்கூடாது, ஆணி எங்கே அடிக்கக்கூடாது என்று எல்லாம் இருந்தது. அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் போகும்போது மண்டபத்தின் தூண் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பத்திரிகையில் அம்மாவுக்காக ஒரு பக்கம் பிள்ளையார். இன்னொரு பக்கம் அப்பாவுக்காக, நீலக் கோட்டும் கண்ணாடியும் போட்டு, கையில் சட்டப் புத்தகம் பிடித்த அவர். எங்கள் தெருவில் அந்தப் படம் இல்லாமல் பத்திரிகை அடிப்பதில்லை.

எங்கள் தெருவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. பந்தல் போடும்போது கால் எந்த வீட்டு வாசலில் ஊன்றப்படுகிறதோ, அந்த வீட்டுக்குத்தான் முதல் தாம்பூலம். உறவுக்காரர்களுக்கெல்லாம் அப்புறம்தான். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தையே இல்லாவிட்டாலும் தட்டை எடுத்துக்கொண்டு போய், உங்க வாசல்ல நம்ம கல்யாணம், நீங்கதான் நடத்திக் குடுக்கணும் என்று சொல்லவேண்டும். அப்பா அந்த வழக்கத்தை அப்படியே மண்டபத்துக்கும் கொண்டு போனார்.

"வாடகை வாங்குறவருக்கு எதுக்குப்பா பத்திரிகை? மேனேஜர்கிட்ட சொன்னாப் போதாதா?" என்றேன்.

"அவர் வாசல்ல கல்யாணம் வச்சிக்கினு அவரைக் கூப்பிடாம இருக்க முடியுமாம்மா? நாளைக்கு யாராவது கேட்டா அசிங்கம்."

தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே பத்திரிகை. அப்பாவும் அம்மாவும் நானும் மண்டப முதலாளி வீட்டுக்குப் போனோம். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எழுந்து நின்று தட்டை வாங்கினார். சோபாவில் உட்காரச் சொன்னார். உள்ளிருந்து ஒரு அம்மா எவர்சில்வர் டம்ளர்களில் காபி எடுத்துக்கொண்டு கதவுவரை வந்துவிட்டார். அதற்குள் இவர் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே எங்கள் விலாசத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி உள்ளே பார்த்து ஏதோ மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா அப்படியே திரும்பிப் போனார். கொஞ்ச நேரம் கழித்துக் காபி பேப்பர் கப்பில் வந்தது.

எனக்கும் அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் குடித்தோம். அப்பா மட்டும் வெளியே வந்து, "காபி நல்லா இருந்துச்சு இல்ல?" என்றார். அவருக்குப் புரியவில்லையா, புரியாததுபோல இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரமே மேனேஜர் போன் செய்தார். "சார், ஹால்ல அர்ஜென்ட்டா ரிப்பேர் வேலை இருக்குது. அந்த டேட் குடுக்க முடியாது."

"வேற எந்த டேட் காலி?"

"இப்போதைக்கு எதுவும் சொல்றதுக்கு இல்ல சார். அட்வான்ஸ வந்து வாங்கிக்குங்க."

அப்பா நேரில் போனார். முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். மறுபடி போனார். தூங்குகிறார் என்றார்கள். காவல் நிலையத்துக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். "சாதிப் பேரச் சொல்லி ஏதாவது திட்டினாரா?" இல்லை. "உள்ள வராதேன்னாரா?" இல்லை, சோபாவில் உட்காரவைத்தார். "அப்ப இதுல நான் என்னம்மா எழுதறது?" என்று பேனாவை மூடிவிட்டார். திட்டியிருந்தால் வழக்கு உண்டு. மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பினால் ஒன்றும் கிடையாது. திட்டத் தெரியாத மனிதரிடம் மாட்டிக்கொண்டோமே என்று எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

அச்சடித்த பத்திரிகையை வீணாக்க முடியாது. மண்டபத்தின் பேர்மேல் ஒட்டுவதற்காக, "மணமகள் இல்லம்" என்று துண்டுத் தாள் அச்சடித்து வாங்கிவந்தோம். அப்பா பசையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒட்டினார். எத்தனையோ வருடம் ஸ்டியரிங் பிடித்த கைக்கு, அந்தச் சின்னத் துண்டை நேராக ஒட்ட வரவில்லை. கோணலாக ஒட்டியதைப் பிய்த்து மறுபடியும் ஒட்டினார். அம்மா நான் ஒட்டுகிறேன் என்று வாங்கப்போனபோது கையைத் தட்டிவிட்டார். அன்று அவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பின்பக்கம் போய்த் துணி துவைப்பதுபோல நின்று அழுதேன்.

கல்யாணம் குறித்த தேதியில், குறித்த முகூர்த்தத்தில், எங்கள் தெருவில் நடந்தது. உண்மையைச் சொன்னால், அருமையாக நடந்தது. விஷயம் தெரிந்து தெருவே ரோஷப்பட்டுக்கொண்டு வேலை செய்தது. சீரியல் லைட் ஒரு வீடு, பாத்திரம் ஒரு வீடு, பிரியாணி வேலை மொத்தமும் சித்தப்பா. வீடியோ எடுத்த பையன்கள் டிரோன் கேமரா கொண்டுவந்திருந்தார்கள். தாலி கட்டி முடித்த நேரத்தில் அது தாழப் பறந்து பந்தல் துணியில் சிக்கிக்கொண்டு சுற்றியதில், தோரணம் மொத்தமும் பிய்ந்து ஐயர் இல்லாத எங்கள் கல்யாணத்தை நடத்திவைத்த பெரியப்பா தலைமேல் விழுந்தது. நான் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வினாடியை ஒருவன் படமெடுத்தான். மண்டபமோ அன்றைக்குப் பூட்டியே கிடந்ததாம். ரிப்பேரும் இல்லை, வேறு கல்யாணமும் இல்லை. ஒரு முகூர்த்த நாளின் வாடகையை விட்டுவிட்டுக் காலியாகப் போட்டிருந்தார் முதலாளி.

கல்யாணம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அப்பா வக்கீலிடம் போகவேண்டும் என்றார். வக்கீலம்மா வெளிப்படையாகப் பேசுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேப்பர் கப்பை எல்லாம் கோர்ட்ல காட்ட முடியாதும்மா. சாதின்னு எழுதினா நிரூபிக்கணும். எழுதாம விட்டா, இது கெட்டியான கேஸ். பணம் வாங்கினாங்க, ரசீது குடுத்தாங்க, ஹால் குடுக்கல. ஒப்பந்தத்த மீறிட்டாங்க. நஷ்டஈடு கேக்கலாம்" என்றார்.

"நஷ்டம்னா எதையெல்லாம் சொல்லலாம்?" என்று கேட்டேன்.

என் வேலையை வைத்தே விளக்கினார். "ஒரு நெசவுக்காரர் உங்க கடைக்குப் புடவை தர்றேன்னு சொல்லிட்டுத் தரலன்னு வச்சுக்குங்க. நீங்க அதே மாதிரி புடவைய வேற இடத்துல கூட விலைக்கு வாங்குறீங்க. அந்தக் கூட விலைதான் நஷ்டம். கடைக்காரர் மனசு கஷ்டப்பட்டதுக்கு விலை கிடையாது. ஒப்பந்தம் போடும்போதே ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கற நஷ்டமா இருக்கணும்."

அதாவது, மண்டபம் பிடிக்கப் போன அன்றே மேனேஜரிடம், ஐயா, நாளைக்கு நீங்கள் இல்லை என்றால் எங்கப்பா ஊரில் தலைநிமிர்ந்து நடக்கமாட்டார், இதைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். எந்தக் கல்யாண வீட்டுக்காரன் இப்படிச் சொல்லிவிட்டு மண்டபம் பிடிப்பான்?

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் சீக்கிரம் முடியும், மன உளைச்சலுக்கும் கொஞ்சம் கிடைக்கும் என்று வக்கீலம்மா சொன்னார். அங்கே பெரும்பாலும் எழுத்திலேயே முடித்துவிடுவார்கள் என்றும் சொன்னார். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எழுத்துல வேணாம்மா. கூண்டு இருக்கற கோர்ட்டே போடுங்க. பணம் எனக்குப் பெரிசில்ல. அவர் வந்து நிக்கணும். இன்னா காரணத்துக்கு ஹால் இல்லன்னாருன்னு அவர் வாயால சொல்லணும். சாமி சத்தியமா சொல்லட்டும். அவ்ளோதான் நான் கேக்கறது."

அதற்காகவே சிவில் கோர்ட்டில் போட்டோம். கிடைக்காவிட்டாலும் கேட்டு வைப்போம் என்று மன உளைச்சலையும் வக்கீலம்மா அதில் சேர்த்தார். பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. நீதிபதி லீவு, எதிர்வக்கீல் வரவில்லை, பதிலுரை தயாராகவில்லை. எனக்கு மகள் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். இன்றைக்கு அவர் வருவார் என்று கிளம்புவார். வரவில்லை என்று திரும்புவார்.

சாட்சி விசாரணை வந்தது. முதலில் அப்பா. முதலாளி உங்களிடம் தவறாக ஏதாவது பேசினாரா என்று எதிர்வக்கீல் கேட்டார். "இல்லீங்க. காபி குடுத்தாரு" என்றார் அப்பா. எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து நான். கடையில் ஆயிரம் பேரைச் சமாளித்த வாய், கூண்டில் என்ன கேட்டாலும் சமாளிக்கும் என்று தெம்பாகத்தான் ஏறினேன்.

"கல்யாணம் குறிச்ச தேதியில நடந்துச்சா?"

"நடந்துச்சு."

"வந்தவங்களுக்குச் சாப்பாடு பத்துச்சா?"

"வயிறு நிறையப் போட்டோம்" என்றேன். எங்களால் முடியாது என்று நினைத்தாயா என்ற ரோஷம் எனக்கு.

"இப்ப கணவரோட நல்லா இருக்கீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

பிறகு ஒரு படத்தை நீட்டினார். டிரோன் சிக்கியபோது எடுத்த படம். ஸ்டுடியோக்காரர்கள் விளம்பரத்துக்காகத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்ததை எடுத்திருக்கிறார்கள். நெட்டில் இருந்து எடுத்ததை ஏற்கக்கூடாது என்று வக்கீலம்மா எழுந்தார். அதை அப்புறம் பார்க்கலாம் என்று நீதிபதி கையமர்த்தினார்.

"இது யாரும்மா?" என்றார் எதிர்வக்கீல்.

"நான்தான்."

"அழுவுறீங்களா, சிரிக்கிறீங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். "சிரிக்கிறேன்" என்றேன்.

"அவ்வளவுதான், யுவர் ஆனர்."

பசையை வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்ததை நான் சொல்ல நினைத்தேன். டம்ளர் கதவுவரை வந்து திரும்பியதைச் சொல்ல நினைத்தேன். யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று ஏறும்போதே சொல்லிவிட்டார்கள். இறங்கும்போது அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்த்தரப்புச் சாட்சி நாளில் அப்பா எல்லாருக்கும் முன்னால் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். முதலாளி வரவில்லை. அதிகாரக் கடிதத்தோடு மேனேஜர் வந்தார். ரிப்பேர் என்றார். என்ன ரிப்பேர், பில் எங்கே என்று வக்கீலம்மா குடைந்து எடுத்தார். பில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். யார் வேண்டாம் என்றது என்று கேட்டதற்கு, "முதலாளி சொன்னாருங்க, காரணம் எனக்குத் தெரியாது" என்றார். அவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்தான், அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முதலாளியைக் கூப்பிட வழியே இல்லையா என்று அப்பா வராந்தாவில் நின்று கேட்டார். நாமே கூப்பிட்டால் நம் சாட்சியாகிவிடுவார், அவர் சொல்வதுதான் நமக்கு எதிராக நிற்கும், கேஸ் கெட்டுவிடும் என்றார் வக்கீலம்மா. நியாயமாகத்தான் பட்டது. அப்பா இரண்டு படி இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பில் நாங்கள் ஜெயித்தோம். வக்கீலம்மா போன் செய்து சொன்னபோது குரலில் அவ்வளவு சந்தோஷம். நகல் வாங்க நானும் அப்பாவும் வக்கீலம்மாவிடம் போனோம். முன்பணம் வட்டியோடு, துண்டுத் தாள் அச்சடித்த செலவு, பந்தலுக்கு ஆன கூடுதல் செலவில் ஒரு பகுதி. மன உளைச்சலுக்குக் கேட்டது தள்ளுபடி. திருமணம் குறித்த நாளில் மகிழ்ச்சியாக நடந்தேறியதை மணமகளே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தது. அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாததால் நான் வாசித்துக்கொண்டே போனேன்.

"காரணம் இன்னான்னு போட்டுக்கிறாங்க?"

தேடினேன். ஒரே ஒரு இடத்தில் அந்தச் சொல் இருந்தது. "காரணம் எதுவாக இருந்தாலும், பிரதிவாதி ஒப்பந்தத்தை மீறியுள்ளார்."

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன்.

"எதுவா இருந்தாலும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வக்கீலம்மாவிடம் திரும்பி, "அப்ப நாளைக்கு வேற ஒருத்தரையும் இதே மாதிரி வேணாம்ன்னுட்டு, இதே மாதிரி பணத்தக் கட்டிட்டுப் போலாமாம்மா?" என்று கேட்டார்.

வக்கீலம்மா தீர்ப்பு நகலை வாங்கி மடித்தார். "ஒப்பந்தச் சட்டத்துல மீறினாங்களான்னுதான் கேப்பாங்க சார். ஏன் மீறினாங்கன்னு கேக்க மாட்டாங்க. பணத்தக் கட்டிட்டா அதோட முடிஞ்சிது" என்றார். அப்பீல் போகலாமா என்று அவரே கேட்டார். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். பணத்துக்கான செக்கையும் மேனேஜர்தான் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை.

நகல் வாங்கிய அன்று வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தோம். எப்போதும் டிரைவருக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே வருகிறவர், பின் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நம்ம பேர்ல தப்பு இல்லன்னு எழுதிட்டாங்க இல்லப்பா, அதுவே பெரிசுதான் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தேன். கடையில் புடவை விற்கிற குரலில்தான் பேசினேன் என்று எனக்கே தெரிந்தது.

அவர் வெளியே பார்த்தபடியே கேட்டார். கோபமே இல்லாமல்தான் கேட்டார்.

"அந்தக் கூண்டுல நின்னப்ப, நல்லா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாம்ல?"

மகள் நன்றாக இருக்கவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டிய மனிதர் அவர். அவர் வாயில் அந்தக் கேள்வி வந்துவிட்டது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டுக்குப் போகிறோம். என் கணவர் வேடிக்கையாகப் பேசுகிறவர். சாப்பிடும்போது ஏதாவது சொல்வார், அம்மா சிரிப்பாள், என் மகள் சிரிப்பாள். நான் அப்பா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு, தட்டில் குனிந்துகொள்கிறேன்.